தெருப் பக்கம் ஒரு கதவு

எங்கள் ஊர் வரி அலுவலகத்துக்கு நேர் எதிரே நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாகிறது. உள்ளே இருப்பவர்கள் ஒரு தாள் கூடுதலாகக் கேட்டால் என் வீட்டில் ஒரு ரொட்டி கூடுதலாக வேகும். அப்படிப்பட்ட நான் அவர்களைத் திட்டக் கூடாதுதான். ஆனாலும் திட்டுவேன். ஒரு மனுஷி தன் கையால் அரைத்த மிளகாயைத் தன் பெயரில் விற்க எத்தனை தாள் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அத்தனையையும் நகல் எடுத்தவன் நான்.

ஷெத்லியா எங்கள் சந்தில் என் வீட்டுக்கு எதிர்வீடு. வயது நாற்பத்து மூன்று. மொட்டை மாடியில் நின்று அவள் யாரையாவது கூப்பிட்டால் மீன் சந்தையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அவள் புருஷன் லஸ்ஹர் அதற்கு நேர் எதிர். ஊர் மிளகாயையெல்லாம் வாங்கும் வியாபாரி ஹாஜ் துஹாமியின் லாரியைப் பதினாறு வருஷமாக ஓட்டியவன். ஒரு நாளைக்கு அவன் பேசும் வார்த்தைகளை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம்.

தலைநகர் தூனிஸுக்குக் கிழக்கே, கடலோரமாக, நாபுலுக்கும் கெலிபியாவுக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரில் ஆகஸ்ட் பாதியில் சுவர்கள் எல்லாம் சிவந்துவிடும். மிளகாயைக் காம்போடு கோத்துச் சரம் சரமாகத் தெருச் சுவரில் தொங்கவிடுவோம். ஒரு வீட்டுச் சுவரில் சரம் இல்லையென்றால் யாருக்கு உடம்பு சரியில்லை என்று அக்கம்பக்கம் விசாரிக்க வந்துவிடும். மூன்று வாரம் வெயில் வாங்கிச் சருகான பிறகு காம்பும் விதையும் நீக்கி, ஊறவைத்து, பூண்டும் கொத்தமல்லியும் சீமைச் சீரகமும் உப்பும் சேர்த்து அரைத்தால் ஹரிஸ்ஸா. மேலே ஒரு விரல் உயரம் ஆலிவ் எண்ணெய் ஊற்றி மூடிவிட்டால் அடுத்த கோடைவரை அசையாது.

இந்த வேலையில் முக்கியமானது நூல். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஹாஜ் துஹாமியின் ஆட்கள் ஒவ்வொரு வாசலிலும் ஒரு கண்டு நீல நைலான் நூல் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த நீல நூலில் கோத்த சரம் துஹாமிக்குச் சொந்தம். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை, நூல்தான் ஒப்பந்தம். சுவரைப் பார்த்தாலே யார் சரக்கு யாருக்கு என்று ஊருக்கே தெரியும். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை லாரி வரும். அவர் சொன்னதுதான் விலை. அரைத்துப் போத்தலில் அடைத்து, மல்லிகைப் பூ வைத்த ஒரு பெண்ணின் படத்தை ஒட்டி, தூனிஸுக்கும் பிரான்ஸுக்கும் அனுப்புவார். அந்தப் படத்துப் பெண் வாழ்நாளில் ஒரு மிளகாய்க்குக் காம்பு கிள்ளியிருக்க மாட்டாள். நகத்தைப் பார்த்தாலே தெரியும்.

போன பிப்ரவரியில் ஷெத்லியா என் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, அடையாள அட்டை. ரெண்டு பக்கமும் மூணு நகல்."

"எதுக்கு? யாரு செத்தா?"

"உங்க வாயில மிளகாயத் தேய்க்க. யாரும் சாகல. ஒண்ணு பொறக்கப் போகுது. கம்பெனி."

"யாரோட கம்பெனி?"

"என்னோடது. தார் ஷெத்லியான்னு பேரு வெச்சாச்சு. என் மாமன் பொண்ணு தூனிஸ்ல ஒரு பெரிய கடைக்காரன்கிட்ட என் போத்தல் ஒண்ணக் குடுத்திருக்கா. ரொட்டியில தடவித் தின்னுட்டு நானூறு போத்தல் வேணும்னு கேட்டிருக்கான். ஆனா வரி நம்பர் போட்ட ரசீது இருந்தாத்தான் வாங்குவானாம்."

"துஹாமிக்குத் தெரியுமா?"

"நான் என்ன அவரு பொண்டாட்டியா, சொல்லிட்டுச் செய்ய?"

நகலை எடுத்துக்கொண்டு எதிரே போனாள். கையில் ஒரு எண்ணோடு வந்தாள். நாங்கள் பாத்திந்தா என்று சொல்கிற வரி அட்டைக்கான எண் அது. விலாசம் உறுதியானதும் அட்டை கைக்கு வரும் என்று சொன்னார்களாம். சந்து முழுக்கப் பேரீச்சம்பழம் வைத்த மக்ரூத் இனிப்பு கொடுத்தாள். நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன். பிப்ரவரியில் மிளகாய் நாற்றுகூட நடுவதில்லை என்பது அப்போது எனக்கும் உறைக்கவில்லை. அதுதான் நாங்கள் செய்த முட்டாள்தனம். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் எரிச்சலாக இருக்கிறது.

விலாசத்துக்காகப் பேருந்து நிலையத்தருகே பழைய சைக்கிள் கடை ஒன்றை வாடகைக்குப் பேசினாள். கடைக்காரர் கையை நெஞ்சில் வைத்து, அம்மணி என்பதற்கு நாங்கள் சொல்லும் 'லல்லா' போட்டு, மரியாதையாகவே சொன்னார். "கடையத் தர்றேன் லல்லா, எழுத்துல மட்டும் கேக்காதீங்க. ஒப்பந்தத்தப் பதிஞ்சா வாடகைக்கு நான் வரி கட்டணும். பத்து வருஷமா அந்தக் கடை பூட்டிக் கிடக்குன்னு அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன்." பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாத கடை அலுவலகத்தின் கண்ணுக்குக் கடை இல்லை. அந்தக் கதை அங்கேயே முடிந்தது.

ஷெத்லியா முடியவிடவில்லை. தன் வீட்டு முன்னறையை, விருந்தாளிகள் உட்காரும் அறையை, காலி செய்தாள். கல்யாணத்துக்கு வந்த மெத்தை இருக்கைகளைத் தூக்கி மாடியில் போட்டாள். சுவருக்கு ஓடு பதித்தாள், பழைய அரவை இயந்திரம் ஒன்று வாங்கினாள். ஆகஸ்டில் துஹாமியின் ஆட்கள் நீல நூல் வைத்துவிட்டுப் போன மறுநாள், கூடையில் வெள்ளைப் பருத்தி நூலை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"துஹாமி குடுக்கறதவிட கிலோவுக்கு ஒரு தினார் கூட. அரைக்க வர்றவங்களுக்குக் கூலி தனி. இஷ்டம் இருந்தா என் நூல்ல கோருங்க. இல்லேன்னா நூலத் திருப்பிக் குடுங்க, நான் கொசுவலை தெச்சுக்கறேன்."

பதினோரு வீட்டில் வெள்ளை நூல் ஏறியது. எங்கள் சந்தில் நீலத்துக்கு நடுவே வெள்ளை தொங்குவதைப் பார்க்க மீன் சந்தையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். என் மனைவியும் வெள்ளை நூலில்தான் கோத்தாள். என்னைக் கேட்கவில்லை.

செப்டம்பர் நடுவில் முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து சோதனைக்காக முதல் கூடையைக் கிள்ளினார்கள். மிளகாய் எரிச்சலுக்குக் கையில் ஆலிவ் எண்ணெய் பூசிக்கொண்டு, மூக்கு வரை துணி கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு தும்மல். நடுவில் சூடான ரொட்டி, எண்ணெய், உப்புப் போட்ட ஆலிவ், ஒரு தட்டுச் சுட்ட மீன். நான் ரொட்டிக்காகப் போய் உட்கார்ந்தேன்.

"துஹாமி ஆள் என்னைக் கேட்டான், எதுக்கு நூலை மாத்துனேன்னு" என்றாள் மன்னூபியா. சந்தின் கோடி வீட்டு விதவை. ஊரில் யாருக்கும் பயப்படாதவள்.

"என்ன சொன்னீங்க?"

"நைலான் கைய அறுக்குதுடா, பருத்தி பஞ்சு மாதிரி இருக்குன்னேன். அவன் போயி ஹாஜ்கிட்ட, 'கெழவிக்கு நூல்தான் பிரச்சினை, பருத்தி நூல் வாங்கிக் குடுத்துரலாம்'ன்னு சொல்லியிருக்கான்!"

முற்றமே சிரித்தது. சிரிப்போடு தும்மலும் சேர்ந்து கொஞ்ச நேரம் வேலை நின்றது.

"எல்லாரும் கள்ளத்தனமா விக்கறாங்களே, நீ ஏண்டி அலுவலகம் அலுவலகமா அலையற?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கள்ளத்தனமாவா? நம்ம சரக்கு தெருச் சுவத்துல செக்கச் செவேல்னு தொங்குது. கப்பல்ல போறவனுக்குக்கூடத் தெரியும். இத எங்க போயி ஒளிக்க?" என்றாள் ஷெத்லியா. "அதுவும் இல்லாம, ஒளிஞ்சு வித்தா விலைய வாங்கறவன் சொல்லுவான். நான் சொல்லணும்."

லஸ்ஹர் ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தான். தலை தூக்கவில்லை. அவன் சம்பளம் துஹாமியிடம். அவன் ஓட்டும் லாரிதான் சனிக்கிழமை இந்தச் சந்துக்கு வர வேண்டும்.

புதன்கிழமை ஷெத்லியா என்னையும் இழுத்துக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போனாள். சி நூரியின் மேசை; 'சி' என்றால் எங்கள் வழக்கில் ஐயா. நல்ல மனுஷன்தான். எப்போதும் வாயில் ஒரு கிராம்பு அடக்கியிருப்பார். கோப்பைத் திறந்தார், கிராம்பை மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"லல்லா, ஏழு மாசமா நீங்க மாதாந்திரத் தாள் குடுக்கல. அபராதம் விழுந்திருக்கு."

"என்ன தாள்? நான்தான் இன்னும் ஒரு போத்தல்கூட விக்கலையே."

"விக்கலேன்னா 'இல்லை'ன்னு எழுதிக் குடுக்கணும். பிப்ரவரியில இல்லை, மார்ச்ல இல்லை, ஏப்ரல்ல இல்லை. மாசா மாசம்."

"இல்லாததுக்கு எதுக்குத் தாளு?"

"இல்லைங்கறது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சி நூரி, எங்க வீட்டுல யானைகூட இல்ல. அதுக்கும் மாசா மாசம் எழுதிக் குடுக்கட்டுமா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "நான் போட்ட சட்டம் இல்ல லல்லா. நம்பர் வாங்குன அன்னிக்கே கணக்கு ஓட ஆரம்பிச்சுடும். நீங்க ஆகஸ்ட்ல வந்திருக்கணும். ஏன் பிப்ரவரியில வந்தீங்க?"

"குளிர்காலத்துல வேலை இல்ல, அப்பத்தான் அலைய நேரம் இருக்குன்னு வந்தேன்!" என்று கத்தினாள். பக்கத்து மேசைகள் எல்லாம் திரும்பின. "சுறுசுறுப்பா முன்கூட்டி வந்ததுக்கு அபராதமா? ஒரு வேலையும் ஆரம்பிக்காம படுத்துக் கிடந்திருந்தா ஒரு காசு கேட்டிருக்க மாட்டீங்க!"

அவர் அபராதத் தொகையைக் கூட்டி எழுதி அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

வேண்டாம், மூடிவிடுகிறேன் என்றால் அதற்கும் முதலில் அபராதம் கட்ட வேண்டும். தொடர வேண்டும் என்றால் அபராதமும் கட்ட வேண்டும், விலாசத்துக்கு ஆதாரமும் காட்ட வேண்டும். வீடு அவள் மாமனார் பெயரில் இருந்தது. அவர் இறந்து ஒன்பது வருஷம். இரண்டு மைத்துனர்கள் பிரான்ஸில் மார்ஸேயில், ஒரு நாத்தனார் தெற்கே ஸ்ஃபாக்ஸில், அவள் பாகப்பிரிவினைச் சண்டையிலிருந்து பேசுவதில்லை. எல்லாருடைய கையெழுத்தும் வாங்குவதற்குள் அடுத்த வருஷத்து மிளகாயும் காய்ந்துவிடும்.

"ஒப்பந்தம் இல்லேன்னா வேற என்ன காட்டலாம் சி நூரி? நீங்களே சொல்லுங்க" என்று நான் கேட்டேன்.

அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "அரசாங்க முத்திரை போட்ட எந்தத் தாளா இருந்தாலும் சரி. நிறுவனத்தோட பேரும், அது இருக்கற விலாசமும் அதுல இருக்கணும். எங்க அலுவலகம் குடுத்ததா இருக்கக் கூடாது. சுகாதாரத் துறை அனுமதி இருந்தாலும் போதும்."

சுகாதாரத் துறைப் பெண் அதற்கு முந்தின வாரமே வந்து பார்த்திருந்தாள். ஓடு பிரமாதம், வடிகால் பிரமாதம். ஆனால் குடும்பம் படுத்து எழும் வீட்டுக்குள் புகுந்து பட்டறைக்குப் போகக் கூடாது. தெருப் பக்கம் தனிக் கதவு இருந்தால் பெயரைப் பட்டியலில் ஏற்றுவேன், அனுமதி வர இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போத்தல் மூடி வாங்க வைத்திருந்த பணத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து ஷெத்லியா மேசையில் வைத்தாள். ஏழு மாதத்து இல்லைகளுக்கும் கட்டினாள். ரசீதை வாங்கி நாலாக மடித்துக் கைப்பையில் திணித்தாள்.

வியாழக்கிழமை மதியம் ஹாஜ் துஹாமியே சந்துக்கு வந்தார். வெள்ளை ஜுப்பா, கையில் ஒரு பை மாதுளை. கெட்ட மனுஷன் என்று நான் சொல்ல மாட்டேன். ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு ஆடு அவர் கொடுத்ததுதான். முற்றத்தில் உட்கார்ந்து, ஷெத்லியா கொடுத்த தேநீரில் மிதந்த பாதாம் பருப்பை ஒவ்வொன்றாக மென்றார்.

"என் மகளே, உன் கஷ்டம் என் காதுக்கு வந்துச்சு. இந்தத் தாளு, வரி, அலுவலகம், இதெல்லாம் பெரிய யானைங்க மோதற எடம். எனக்கே ரெண்டு கணக்கப்பிள்ளை, ஒரு வக்கீல் தேவைப்படுது. உனக்கு எதுக்கு? வெள்ளை நூலையும் நானே எடுத்துக்கறேன். நீ சொன்ன விலைக்கே. உன் அரவை மெஷினுக்கும் வாடகை தர்றேன்."

"போத்தல்ல யாரு பேரு ஹாஜ்?"

"பேருல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லேன்னா எம்பேரப் போடுங்களேன்."

பாதாம் மெல்லுவது நின்றது. லஸ்ஹர் பக்கம் திரும்பினார். "லஸ்ஹர், சனிக்கிழமை எட்டு மணிக்கு லாரியக் கொண்டாந்துடு. சந்து முழுக்க ஏத்தணும். நீலம், வெள்ளை எல்லாம். நீ வரலேன்னா, சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போயிரு. நான் கோவப்பட மாட்டேன்."

போகும்போது மாதுளையை வைத்துவிட்டுப் போனார். அன்று மாலை இரண்டு வீட்டில் வெள்ளை நூல் அறுந்து நீல நூல் ஏறியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருத்தியின் மகன் துஹாமியின் கிடங்கில் வேலை செய்கிறான். மன்னூபியாவுக்கு அந்த நியாயமெல்லாம் கிடையாது. நடுச்சந்தில் நின்று அவர்களின் மூன்று தலைமுறையையும் விசாரித்தாள்.

வெள்ளிக்கிழமை கடல் காற்று நின்றுபோனது. தென்பக்கத்துச் சூடு வந்து இறங்கியது. வடக்கே மலைப் பக்கம் வானம் கறுத்தது. களத்துமேட்டைக் கழுவும் முதல் மழை ஒவ்வொரு வருஷமும் இந்த நாட்களில்தான் வரும். நனைந்த சரம் பூஞ்சை பிடித்துவிடும், பிறகு கழுதைகூட முகராது. வெள்ளிக்கிழமை கூஸ்கூஸைச் சாப்பிட்டு முடித்த கையோடு பெண்கள் ஷெத்லியாவின் வாசலில் கூடிவிட்டார்கள்.

"அடியே, நேராவே கேக்கறேன்" என்றாள் ஒருத்தி. "நாளைக்கு லாரி வரும், மழையும் வரும். உன்கிட்ட அட்டை இல்ல, பட்டறைக்குக் கதவு இல்ல. நாங்க என்ன செய்ய?"

"நாளைக்குக் காலையில ஏழு மணி வரைக்கும் எனக்குக் குடுங்க" என்றாள் ஷெத்லியா. அந்தப் பெரிய குரல் அன்று அடுத்த வீடுவரைகூட எட்டவில்லை. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

உள்ளே போய் லஸ்ஹரிடம் ஏதோ கேட்டாள். அவன், "எங்கப்பா கட்டுன சுவரு அது" என்று மட்டும் சொன்னது ஜன்னல் வழியே எங்களுக்குக் கேட்டது.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நான் ரொட்டி வாங்கப் புறப்பட்டபோது லஸ்ஹர் தெருவில் நின்றுகொண்டிருந்தான். லாரி இல்லை. தோளில் கல் உடைக்கும் பெரிய சுத்தியல். தன் வீட்டு முன்சுவரில் கரித்துண்டால் ஒரு கதவு வரைந்திருந்தான். அந்த இடத்துச் சரங்களை ஒதுக்கிக் கட்டியிருந்தான்.

"லாரி?" என்றேன்.

"சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டேன்."

"பதினாறு வருஷம், லஸ்ஹர்."

"ஆமா. பதினாறு வருஷமும் என் பொண்டாட்டி கோத்தத நான்தான் அந்தாளு கெடங்குல எறக்கி வெச்சேன்." அவனிடம் அத்தனை நீள வாக்கியத்தை நான் அதுவரை கேட்டதில்லை. "தள்ளி நில்லு, கமைஸ். கல்லு தெறிக்கும்."

முதல் அடிக்குச் சுண்ணாம்பு உதிர்ந்தது. மூன்றாவது அடிக்குக் கல் அசைந்தது. ஷெத்லியா கையில் மாவோடு உள்ளேயிருந்து ஓடிவந்தாள். சுவரில் விழுந்த ஓட்டை வழியாகப் புருஷனைப் பார்த்தாள். அவன் உள்ளே பார்த்தான். அப்புறம் அவள் உள்பக்கம் நின்று கற்களை உருவி எடுக்கத் தொடங்கினாள். நான் ரொட்டிப் பையை ஜன்னலில் மாட்டிவிட்டுச் சட்டைக் கையை மடித்தேன். ஐம்பத்தாறு வயதில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம், ஆனாலும் அந்தக் காலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எட்டரைக்கு வேறு ஒருவன் ஓட்ட, துஹாமியின் லாரி வந்தது. முன்னிருக்கையில் ஹாஜ். சந்து முழுக்க இடிந்த கல். லாரி நுழைய வழியில்லை.

"கல்லெல்லாம் எடுங்க" என்றார் இறங்கி வந்து.

"எடுத்துக்கிட்டுத்தானே இருக்கோம் ஹாஜ்" என்றாள் மன்னூபியா, ஒரு சின்னக் கல்லை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு. "வயசாயிடுச்சு, மெதுவாத்தான் முடியும்."

அவர் சுவர்களை ஏறிட்டுப் பார்த்தார். முந்தாநாள் நூல் மாற்றிய இரண்டு வீட்டுக்காரிகளில் ஒருத்தி மாடியில் நின்றிருந்தாள். அவர் கண்முன்னாலேயே குனிந்து, தன் சுவரிலிருந்த நீலச் சரத்தை அவிழ்த்து, மிளகாயை ஒவ்வொன்றாக உருவி வெள்ளை நூலில் மாற்ற ஆரம்பித்தாள். சந்து முனை வீடுகளில் வாங்கிய நீலச் சரங்களை ஆட்கள் தோளில் சுமந்து லாரிக்குக் கொண்டுபோக, ஹாஜும் பின்னாலேயே நடந்து போனார்.

பதினொரு மணிக்கு முதல் துளி விழுந்தது. கதவு என்று இன்னும் எதுவும் இல்லை, மனுஷன் நுழையும் அளவுக்கு ஒரு திறப்புதான். அதன் வழியாகப் பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிச் சரங்களை உள்ளே அனுப்பினார்கள். கடைசிச் சரம் உள்ளே போனபோது சந்தில் கணுக்கால் அளவு செந்தண்ணீர் ஓடியது. திறப்புக்கு ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டு, உள்ளே அரவை இயந்திரத்தை ஓடவிட்டார்கள். மழைச் சத்தத்துக்கு மேலே ஷெத்லியாவின் குரல் கேட்டது. உப்பு குறைவு என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். பழைய குரல்தான். எனக்குக் கண் எரிந்தது, மிளகாய்தான் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை நகரசபையிலிருந்து ஜிலானி வந்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று கேட்கவே வேண்டாம். கையில் அபராதப் புத்தகம். லஸ்ஹர் புதுக் கதவின் நிலையைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

"அனுமதி இல்லாம தெருப் பக்கம் கதவு வெச்சிருக்கீங்க."

"ஆமா" என்றாள் ஷெத்லியா.

அவன் இந்த மாதிரி ஒத்துக்கொள்ளும் ஆளை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பாருங்க லல்லா, வீட்டுக் கதவுன்னு எழுதினா அபராதம் அறுபது தினார். தொழில் எடத்துக்குக் கதவுன்னா நூத்தி இருபது. நான் வீட்டுக் கதவுன்னே எழுதிடறேன். லஸ்ஹர் பேருல."

"வீட்டுக் கதவுன்னே எழுது தம்பி" என்றான் லஸ்ஹர் நன்றியோடு.

"வேண்டாம்" என்றாள் ஷெத்லியா.

"என்னது?"

"தொழில் எடம்னு எழுதுங்க. நூத்தி இருபதே போடுங்க."

"லல்லா, உங்களுக்கு நல்லதுக்குத்தான்…"

"எனக்குத் தெரியும். எழுதுங்க. குற்றம் செஞ்சது யாரு? 'தார் ஷெத்லியா நிறுவனம், மிளகாய் விழுது தயாரிப்பு.' விலாசம், இந்தச் சந்து, பதினாலாம் நம்பர். தொழில் நடத்தறதுக்காகத் தெருப் பக்கம் கதவு திறந்துச்சு. ஒரு எழுத்து விடாம எழுதுங்க. முத்திரை கையில இருக்கா?"

"இருக்கு…"

"அழுத்திப் போடுங்க. போன தடவை உங்க அலுவலகம் போட்ட முத்திரை பாதிதான் விழுந்துச்சு."

பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்த லஸ்ஹர் மெல்ல உளியைக் கீழே வைத்தான். அப்போதுதான் எனக்கும் விளங்கியது. நான் என் கடைக்கு ஓடினேன், நகல் இயந்திரம் சூடாக நேரம் பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை இருபத்தோராம் தேதி. சி நூரியின் மேசையில் அவள் அந்த மஞ்சள் தாளை வைத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"லல்லா, இது அபராதச் சீட்டு."

"அரசாங்கத் தாள்தானே?"

"ஆமா."

"உங்க அலுவலகத்துதா?"

"இல்ல. நகரசபையோடது."

"நிறுவனத்தோட பேரு இருக்கா?"

"இருக்கு."

"அது எங்க இருக்குன்னு?"

"பதினாலாம் நம்பர்…" கிராம்பை மெல்லுவதை நிறுத்திவிட்டு முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். ஜிலானி நன்றாகவே அழுத்தியிருந்தான், தாளின் பின்பக்கம்வரை பதிந்திருந்தது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். சி நூரி சிரிக்கவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்து அதே பக்கத்தைத் திறந்து, உதடு அசையப் படித்தார்.

"நகல் வேணும்" என்றார் கடைசியில்.

நான் மூன்று நகலை முன்னால் தள்ளினேன். காசு வாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் காசு வாங்காமல் எடுத்த நகல் அது ஒன்றுதான்.

அவர் அட்டையை எடுத்தார். பெயரை எழுதினார், விலாசத்தை எழுதினார். முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை உருவி அவள் முன்னால் வைத்தார்.

"இது செப்டம்பர் மாசத் தாள். மறுபடி அபராதம் வேண்டாம், இப்பவே எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்க. 'இல்லை'ன்னு ஒரு வரி போட்டுக் கையெழுத்து வெச்சா போதும்."

ஷெத்லியா பேனாவை வாங்கினாள். விரல் நகங்களில் மிளகாய்ச் சிவப்பு இன்னும் போகவில்லை.

"இந்த மாசம் நான் 'இல்லை'ன்னு எழுத மாட்டேன், சி நூரி. நானூறு போத்தல்னு எழுதறேன்."

"இன்னும் ஒண்ணுகூட விக்கலையே லல்லா?"

"மாசம் முடிய இன்னும் ஒம்போது நாள் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தாள்.